கடைசி எண் மட்டும் மாறிய அப்டேட்

எங்கள் செயலிக்குள் படிவங்களையும் பிடிஎஃப் கோப்புகளையும் திறந்து காட்டுகிற எஸ்டிகேவுக்கு (வேறொருவர் செய்து தர, நாங்கள் செயலியில் சேர்த்துக்கொள்ளும் மென்பொருள் தொகுப்பு) போன வாரம் ஒரு பராமரிப்பு அப்டேட் வந்தது. பதிப்பு எண்ணில் மூன்றாவது இலக்கம் மட்டும்தான் மாறியிருந்தது. "புது வசதி ஒன்றுமில்லையே, அடுத்த மாதம் போட்டுக்கொள்ளலாம்" என்றார் குழுவில் ஒருவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. குரல்கூடக் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர் மரண சகாயச் சங்கத்துக்கு அந்தச் செயலியிலேயே ஒரு படிவம் செய்து கொடுத்திருந்தேன். தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து டவுனுக்கு வந்த குடும்பங்கள் மாதாமாதம் காசு போட்டு நடத்துகிற சங்கம் அது. சில மாதங்களுக்கு முன்பு ஒரு வீட்டில் துக்கம். செயலாளர் மாமா ஆண்ட்ராய்டு கைப்பேசியில் படிவத்தை நிரப்பி அச்செடுத்துக் கொண்டுபோனார். இறந்துபோன பாட்டியின் பெயர் "பெ" என்று தொடங்கும். தாளில் கொம்பு "ப"வுக்குப் பின்னால் போய் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது, புள்ளி ஒரு பக்கம் தனியாக நின்றது. பாட்டியின் மகன் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கம்மா பேரு இப்படி இல்லையே மாமா" என்றார். ரப்பர்த் தோட்டத்தில் ஐம்பது வருஷம் பால்மரம் வெட்டிய மனுஷி, பெயரை எழுதவே தோட்டத்துப் பள்ளியில் படித்தவர். மாமா பேனாவால் அடித்துத் திருத்தி எழுதினார்.

படிவத்தின் தலைப்பு மட்டும் எப்படிச் சரியாக இருந்தது? பிடிஎஃப் கோப்பில் எந்த எழுத்துருவின் எந்த வடிவம் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று முதலிலேயே எழுதி வைத்திருக்கும், காட்டுகிற மென்பொருள் அப்படியே வரைந்தால் போதும். ஆனால் நிரப்புகிற கட்டம் அப்படியில்லை. நாம் தட்டிய எழுத்துக்கு வடிவத்தை எஸ்டிகேதான் அந்த நேரத்தில் உருவாக்க வேண்டும். கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடில் "பெ" என்பது முதலில் "ப", அப்புறம் கொம்பு. கண்ணுக்குத் தெரியும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய ஹார்ஃப்பஸ் மாதிரி ஒரு எழுத்துக்கோப்பு எஞ்சின் வேண்டும். எங்கள் எஸ்டிகே ஐபோனில் இதை ஆப்பிளின் சொந்த எஞ்சினான கோர் டெக்ஸ்டிடம் விட்டுவிட்டது, ஆண்ட்ராய்டில் தானே ஒவ்வொரு எழுத்தாக அடுக்கி வைத்தது. அதனால் ஒரே படிவம் ஒரு கைப்பேசியில் தமிழாகவும் இன்னொன்றில் குப்பையாகவும் தெரிந்தது.

அப்டேட்டில் இந்தத் திருத்தம் வந்திருந்தது, அதுவும் "சிக்கலான எழுத்துமுறைகளில் சில மேம்பாடுகள்" என்ற ஒற்றை வரியாக. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம். எந்த மொழி, எந்தக் கட்டம், எந்தத் தளம் என்று எழுதியிருந்தால் யாரும் ஒத்திப்போடச் சொல்லியிருக்க மாட்டார்கள். தமிழ் எங்களுக்குச் சிக்கலான எழுத்து இல்லை, அன்றாட எழுத்து.

எழுத்தை விட்டாலும் பராமரிப்பு அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது. 2020இல் ஃப்ரீடைப் என்ற, எழுத்துருக்களை வரைகிற மென்பொருள் நூலகத்தில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருந்ததும், தாக்குதல் நடத்துகிறவர்கள் அந்த ஓட்டையை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்ததும் தெரியவந்தது. எழுத்துரு என்பது வெறும் அழகு இல்லை, வெளியிலிருந்து வரும் கோப்பு அது. எத்தனையோ மென்பொருளுக்குள் அந்த நூலகம் உட்கார்ந்திருக்கிறது, நாம் சேர்த்துக்கொண்ட எஸ்டிகேவுக்குள்ளும் இருக்கலாம். அப்புறம் ஆண்ட்ராய்டு 15இலிருந்து நினைவகத்தை 16 கேபி பக்கங்களாகப் பிரித்துக் கையாளும் கைப்பேசிகளுக்கும் ஏற்றபடி சி++ நூலகங்களை மறுபடி கட்ட வேண்டியிருக்கிறது. பழைய பதிப்பைக் கட்டிக்கொண்டு இருந்தால் ஒரு நாள் பிளே ஸ்டோரில் செயலியைப் புதுப்பிக்கவே முடியாது.

நம் ஆட்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. கணினியில் தமிழ் தட்டுவதற்கான முரசு அஞ்சல் மென்பொருளைத் தந்த நாடு இது. அப்படியிருந்தும் எழுத்து உடைந்தால் "தமிழ்ல இப்படித்தான் வரும்" என்று சொல்லி ரோமன் எழுத்தில் தட்டிவிடுகிறோம். தயாரிப்பாளருக்கு ஒரு மாதிரிக் கோப்பு அனுப்புவதில்லை. நான் அனுப்பியது ஒரு பக்கம்தான்: கெ, கே, கை, கொ, கோ, கௌ, து, தூ, ஸ்ரீ, க்ஷ, கூடவே ஊர்ப் பெயர்கள் சில. மூன்று முறை எழுதிக் கேட்டேன். திருத்தம் வந்துவிட்டது.

சரி, சங்கத்து ஆட்களுக்கு ஒரு விஷயம். அப்டேட் போட்டதும் பழைய படிவங்கள் தானாகச் சரியாகிவிடாது. உடைந்த வடிவம் வரைந்தபடியே கோப்புக்குள் சேமிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நீங்கள் தட்டிய பெயர் அதே கோப்பில் தனியாகப் பத்திரமாக இருக்கிறது, ஒன்றும் தொலையவில்லை. படிவத்தைத் திறந்து பெயர்க் கட்டத்தில் ஒரு எழுத்தை அழித்து மறுபடி தட்டிச் சேமித்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிவிட்டு நான் சங்கத்தில் உட்கார்ந்திருப்பேன், கைப்பேசியைக் கொண்டு வாருங்கள். அந்தப் பாட்டியின் படிவத்தைத்தான் முதலில் எடுக்கப் போகிறேன்.