ரமலான் செய்தியை முதலில் சொன்னால் நரகம் தடையா?

"ரமலான் வருவதை முதலில் அறிவிப்பவருக்கு நரகம் ஹராமாகும் (தடுக்கப்படும்)" என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இப்படி ஒரு ஹதீஸ் (நபிமொழி) இல்லை. புகாரி, முஸ்லிம், அபூதாவூத், திர்மிதி, நஸாயீ, இப்னு மாஜா ஆகிய ஆறு ஹதீஸ் தொகுப்புகளில் எதிலும் இது கிடையாது.

ஆதாரமுள்ள நபிமொழி வேறு: நம்பிக்கையோடும் நன்மையை எதிர்பார்த்தும் ரமலானில் நோன்பு நோற்பவரின் முந்தைய பாவங்கள் மன்னிக்கப்படும் (புகாரி 38). பகலெல்லாம் பசித்திருந்து தேட வேண்டியதை விரல் தட்டலுக்கு விலைபேசலாமா?

சுன்னாவின் (நபிவழியின்) மீதுள்ள அன்பால்தான் பலர் இதைப் பகிர்கிறார்கள். அதுதான் மனதை வருத்துகிறது. தம் பெயரில் வேண்டுமென்றே பொய்யுரைப்பவர் நரகத்தில் தம் இருப்பிடத்தை அமைத்துக்கொள்ளட்டும் என்று நபி (ஸல்) அவர்களே எச்சரித்திருக்கிறார்கள் (புகாரி 110).

இச்செய்தி வந்தால், அனுப்பியவரிடம் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். தயவுசெய்து மேற்கொண்டு பகிராதீர்கள்.