கதவில்லாத அலமாரியும் 102 மாடிகளும்

முகநூலில் மாதத்துக்கு ஒருமுறையாவது அந்தப் படம் வந்துவிடுகிறது. அந்தரத்தில் ஓர் இரும்பு உத்தரம், அதில் வரிசையாக உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைப் பிரிக்கும் பதினொரு தொழிலாளர்கள், காலுக்குக் கீழே நியூயார்க். "பெருமந்த காலத்திலேயே எப்படிக் கட்டியிருக்கிறார்கள் பாருங்கள்" என்று மேலே ஒரு வரி. 1929-ல் பங்குச்சந்தை சரிந்தபின் வேலையும் பணமும் வற்றிப்போன 1930களைத்தான் பெருமந்தம் என்கிறார்கள். 1932 செப்டம்பர் 20 அன்று ராக்ஃபெல்லர் சென்டரின் 69-வது மாடியில் எடுத்த படம் அது. உட்கார்ந்திருப்பவர்கள் நிஜமான இரும்பு வேலைக்காரர்கள்தான், உயரமும் நிஜம்தான். படம் மட்டும் விளம்பரத்துக்காக ஏற்பாடு செய்தது. அது போகட்டும். அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு, பெருமந்தத்தின் கட்டிடக்கலை என்றால் வானளாவிய கோபுரங்கள் என்று முடிவு கட்டுவதுதான் எனக்கு உறுத்துகிறது. பணம் நின்றுபோன ஊரில் எதைக் கட்டினார்கள் என்பதைவிட எதைக் கட்டாமல் விட்டார்கள், அந்த மிச்சம் யார் தலையில் விடிந்தது என்று பார்க்க வேண்டும்.

பெயர்பெற்ற கோபுரங்கள் பலவும் 1920களின் மிதப்பில் முடிவானவை. கிரைஸ்லர் கட்டிடத்தின் ஊசிமுனையை, போட்டிக்கு எழுந்துகொண்டிருந்த '40 வால் ஸ்ட்ரீட்' என்ற கோபுரத்தின் ஆட்களுக்குத் தெரியாமல் உள்ளேயே கோத்து வைத்து, 1929 அக்டோபர் 23 அன்று சுமார் ஒன்றரை மணி நேரத்தில் தூக்கி நிறுத்தினார்கள். மறுநாள்தான் பங்குச்சந்தை சரியத் தொடங்கிய கறுப்பு வியாழன். எம்பயர் ஸ்டேட்டுக்காகப் பழைய வால்டார்ஃப்-அஸ்டோரியா ஓட்டலை இடிக்க ஆரம்பித்ததும் அதே அக்டோபர் மாதம் 1-ம் தேதி. சந்தை விழுந்த பிறகாவது நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கலாம். மனைக்குப் போட்ட பணம் முடங்கிக் கிடக்கிறது, வரி கட்டியாக வேண்டும், வருமானம் தந்த ஓட்டல் மண்ணாகிக்கொண்டிருக்கிறது. காலி மனை சோறு போடாது. சீக்கிரம் கட்டி வாடகைக்கு விடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

எம்பயர் ஸ்டேட்டைக் கட்டிய வேகத்தைக் குறை சொல்லவே முடியாது. 1930 மார்ச் 17 அன்று ஆரம்பம், 1931 மே 1 அன்று திறப்பு. 102 மாடி, 1,250 அடி. இரும்புச் சட்டகம் வாரத்துக்குச் சராசரியாக நாலரை மாடி ஏறியது. ஐந்தாம் அவென்யூவில் சாமானைக் குவித்து வைக்க இடம் ஏது? அதனால் பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்த உத்தரங்களில் எந்த இடத்துக்கு எது என்று எண் எழுதியே அனுப்பினார்கள். வந்தவை கீழே தங்காமல் மேலே போயின. செங்கல் மட்டும் ஒரு கோடி. வழக்கமாக லாரி செங்கல்லைத் தெருவில் கொட்டும், ஆட்கள் தள்ளுவண்டியில் அள்ளிக்கொண்டு போவார்கள். இங்கே லாரி ஒரு சரிவு வழியாக அடித்தளத்துத் தொட்டிக்குள் கொட்டியது. தொட்டியின் அடியில் வண்டியை நிறுத்தி வாயைத் திறந்தால் தானே நிரம்பும். வண்டியைப் பாரந்தூக்கியில் ஏற்றி, மாடியில் போட்டிருந்த குட்டித் தண்டவாளத்தில் உருட்டினால் கொத்தனார் கைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். சாப்பிட இறங்கி ஏறினால் நேரம் வீணாகிறதென்று, கட்டிக்கொண்டிருந்த மாடிகளிலேயே உணவுக்கூடம் வைத்தார்கள்.

வெளிச்சுவரில் ஜன்னல்களை ஒட்டி மேலிருந்து கீழ்வரை ஓடும் பளபளப்பான எஃகுப் பட்டையைக் கவனித்திருப்பீர்கள். அது அலங்காரம் மட்டும் அல்ல. சுண்ணாம்புக்கல்லின் விளிம்பு அந்தப் பட்டைக்குள் மறைந்துவிடுவதால், கல்லை இடத்தில் வைத்துச் செதுக்கிச் சேர்க்கும் வேலை மிச்சம்.

கூலியும் பொருள் விலையும் விழுந்ததால், நிலத்தோடு சேர்த்து சுமார் 5 கோடி டாலர் ஆகும் என்று போட்ட கணக்கு சுமார் 4.1 கோடியில் முடிந்தது. ஆனால் குடிவர ஆள் இல்லை. எம்பயர் ஸ்டேட்டை 'எம்ப்டி ஸ்டேட்' என்றே ஊர் கூப்பிட்டது. முதல் வருடம் மேலேறி வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கொடுத்த டிக்கெட் பணம், அலுவலக வாடகைக்கு ஈடாக இருந்ததாம். உச்சியில் ஆகாயக் கப்பலைக் கட்டி வைக்க ஒரு கம்பம் வேறு. அந்த உயரத்துக் காற்றில் எந்தக் கப்பலை ஆடாமல் நிறுத்துவது? 1931 செப்டம்பரில் ஒரு சின்னக் கப்பலை மூன்று நிமிடம் கட்டிப் பார்த்ததோடு சரி.

இப்போது லிஃப்டை விட்டு இறங்கி லோயர் ஈஸ்ட் சைடுக்கு நடந்தால், வேலை போனவர்கள் இருந்த வீடுகள் வரும். 1879 சட்டத்தின்படி கட்டிய ஒண்டுக்குடித்தனங்கள் 1930களிலும் ஆயிரக்கணக்கில் நின்றன. மனை 25 அடி அகலம், 100 அடி நீளம். அதில் கிட்டத்தட்ட 90 அடிக்குக் கட்டிடம். 5 அல்லது 6 மாடி, மாடிக்கு 4 குடித்தனம், 14 அறை. எல்லா அறைக்கும் ஜன்னல் வேண்டும் என்று சட்டம் சொன்னதால், கட்டிடத்தின் இடுப்பைக் கொஞ்சம் ஒடுக்கினார்கள். மேலிருந்து பார்த்தால் உடற்பயிற்சிக்குத் தூக்கும் டம்பல் மாதிரி இருக்கும். பக்கத்துக் கட்டிடமும் அப்படியே ஒடுங்க, இரண்டுக்கும் நடுவே 5 அடிகூட இல்லாத காற்றுக்குழி. நம் பில்டர்கள் பிளானில் 'ஓ.டி.எஸ்.' (ஓபன் டு ஸ்கை, அதாவது மேலே திறந்த இடைவெளி) என்று போடுகிறார்களே, அதன் கொள்ளுத்தாத்தா.

காகிதத்தில் காற்றும் வெளிச்சமும் வந்துவிட்டன. நிஜத்தில் மேல் இரண்டு மாடிக்குக் கீழே வெளிச்சம் இறங்கவில்லை. குப்பையைக் கீழே கொண்டுபோகச் சோம்பல்பட்டவர்கள் குழிக்குள் வீசினார்கள். அள்ள வழியில்லாமல் அது நாறியது. எதிர்வீட்டு இருமல்கூடக் கேட்கும். தீப்பிடித்தால் குழி புகைபோக்கியாக மாறி, ஒரு மாடித் தீயை எல்லா மாடிக்கும் எடுத்துப்போனது. 1901-ல் வந்த புதிய சட்டம் இந்த வடிவத்தைத் தடுத்தது. ஆனால் ஏற்கெனவே கட்டியவை அப்படியே நின்றன, வாடகை குறைவு என்பதால் ஆளும் குறையவில்லை.

கழிப்பறை மாடிக்கு இரண்டு, பொது நடையில். அங்கே சூடு கிடையாது. கடும் குளிரில் குழாய்த் தண்ணீர் உறைந்து விரிந்து குழாயைப் பிளக்கும். குளிக்கும் தொட்டி சமையலறையில் இருந்தது. இதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் காரணத்தை யோசிப்பதில்லை. தண்ணீர்க் குழாய் வருவது சமையலறைக்கு, வெந்நீர் போட அடுப்பு இருப்பதும் அங்கே. தொட்டியை வேறு எங்கே வைப்பது? மேலே பலகை போட்டு மூடினால் அதுவே காய் நறுக்கும் மேஜை, பிள்ளைகள் பாடம் எழுதும் மேஜை. பல வீடுகளில் எரிவாயு மீட்டர் காசு விழுங்கும். 25 சென்ட் போட்டால் அந்த அளவுக்கு வாயு வரும். பாதிச் சமையலில் அடுப்பு அணைந்தால், கையில் காசு இருந்தால்தான் மீதிச் சமையல்.

ஐஸ் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், அந்தக் காலத்து வீட்டுச் செலவின் தர்க்கம் முழுக்க அதில் இருக்கிறது. பெட்டியின் மேல் தட்டில் ஐஸ் கட்டி, கீழே பால், இறைச்சி. குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கும் என்பதால் இந்த ஏற்பாடு. எத்தனை பவுண்டு வேண்டும் என்று எண் எழுதிய அட்டையை ஜன்னலில் வைத்தால், ஐஸ்காரர் அதைப் பார்த்துக் கட்டியை வெட்டித் தோளில் சுமந்து மாடி ஏறுவார். காசு தட்டுப்பட்டபோது சிலர் ஐஸைச் செய்தித்தாளில் சுற்றி வைத்தார்கள். ஐஸ் அதிக நாள் நின்றது, பால் திரிந்தது. ஐஸ் உருகினால்தான் பெட்டிக்குள் இருக்கும் சூட்டை அது இழுத்துக்கொள்ளும். உருகாத ஐஸ் வெறும் கல். உருகிய தண்ணீர் அடியில் உள்ள தட்டில் சொட்டும். ஒரு நாள் அதைக் கொட்ட மறந்தால் தரையில் வழிந்து கீழ்வீட்டுக் கூரையை நனைக்கும். குளிர்காலத்தில் பலர் ஐஸ் வாங்குவதையே நிறுத்திவிட்டு, ஜன்னலுக்கு வெளியே ஒரு பெட்டியைப் பொருத்திப் பாலை அதில் வைத்தார்கள்.

வீடுகள் காலியாகக் கிடந்தன, வீடுகளில் நெரிசலும் கூடியது. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன. வாடகை கட்ட முடியாத குடும்பங்கள் உறவினர் வீட்டில் போய் ஒண்டிக்கொண்டதால், ஒரு வீடு காலியாக, இன்னொரு வீட்டில் இரண்டு குடும்பம். காலி வீட்டுக்காரர்கள் முதல் மாத வாடகையைத் தள்ளுபடி செய்து ஆள் பிடித்தார்கள். ஹார்லெமில் கறுப்பின மக்களுக்கு வேறு பேட்டையில் வீடு கிடைக்காது என்பதால், அதே மாதிரி வீட்டுக்கு அவர்கள் கூடுதல் வாடகை கொடுத்தார்கள். வாடகை நாள் நெருங்கும்போது வீட்டிலேயே பியானோ வாசிப்பும் சாப்பாடும் வைத்து, வருபவரிடம் சில்லறை வசூலித்துப் பணம் சேர்ப்பது அங்கே வழக்கமானது.

1932-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வாடகை தர மறுக்கும் போராட்டங்கள் நடந்தன. வீட்டைக் காலி செய்ய வைக்கும் அதிகாரியான மார்ஷல் வந்து சாமான்களைத் தெருவில் வைப்பார். அவர் போனதும் அக்கம்பக்கத்தார் அதைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைப்பார்கள். இதில் ஒரு கணக்கு உண்டு. வெளியேற்றும் செலவு வீட்டுக்காரருடையது; இரண்டாம் தடவையும் அழ வேண்டியிருந்தால், வாடகையைக் குறைப்பதே மலிவு என்று அவருக்குத் தோன்ற வேண்டும்.

தெருவில் ஆப்பிள் விற்றவர்களின் கணக்கு இன்னும் இறுக்கம். 1930 இலையுதிர்காலத்தில் 72 பழம் கொண்ட பெட்டியை 1.75 டாலருக்குக் கடனில் கொடுத்தார்கள். ஒன்று 5 சென்ட் என்று எல்லாம் விற்றால் 3.60 டாலர், கடன் போக மிச்சம் 1.85. அடிபட்ட பழம், வரப்போக ரயிலுக்கு 5 சென்ட் வீதம், இரண்டும் அந்த 1.85-லிருந்து போகும். மூலைக்கு மூலை ஆப்பிள்காரர் என்றானபின் எல்லாம் எங்கே விற்பது?

சென்ட்ரல் பார்க்கில் தண்ணீர் வடித்த பழைய நீர்த்தேக்கத்துக்குள் குடிசைகள் முளைத்தன. அதில் ஒன்றை வேலையில்லாத கொத்தனார்கள் செங்கல்லிலேயே எழுப்பி, ஓடு பதித்துக் கூரை போட்டார்கள். ஒரே கட்டிடத்துக்கு ஒரு கோடி செங்கல் அடுக்கிய ஊர்! 1933-க்குள் அந்தக் குடியிருப்பை அகற்றிவிட்டார்கள். கிரேட் லான் என்ற புல்வெளி இருப்பது அங்கேதான்.

அரசு வீடு கட்ட வந்த கதையில் ஒரு பாடம் உண்டு, கட்டிடத் தொழிலில் இருப்பவர்கள் இதை ரசிப்பார்கள். 1934-ல் நகர வீட்டுவசதி ஆணையம் அமைந்தது. முதல் திட்டமான 'ஃபர்ஸ்ட் ஹவுசஸ்', அவென்யூ ஏ-யும் கிழக்கு 3-வது தெருவும் சந்திக்கும் இடத்தில். யோசனை எளிமையானது: வரிசையாக ஒட்டி நிற்கும் பழைய கட்டிடங்களில் மூன்றுக்கு ஒன்றை இடித்துவிட்டால், மீதி இரண்டுக்கும் காற்றும் வெயிலும் வரும். மூன்றாவதை எடுத்ததும் மற்ற இரண்டும் தனியாக நிற்கத் தெம்பில்லாதவை என்று தெரிந்தது. தோளோடு தோள் சாய்ந்தே இத்தனை வருடம் நின்றிருக்கின்றன. மராமத்து என்று தொடங்கியது பெரும்பாலும் புதிதாகக் கட்டுவதில் முடிந்தது, பழைய செங்கல்லையும் சேர்த்தே பயன்படுத்தினார்கள். வேலை செய்தவர்கள் நிவாரணத் திட்டத்துக் கூலியாட்கள். 1935 டிசம்பர் 3 அன்று திறந்தபோது 122 குடும்பங்களுக்கு இடம், விண்ணப்பமோ ஆயிரக்கணக்கில். செலவு எகிறியதால் இந்த வழியை மறுபடி யாரும் தொடவில்லை.

அடுத்து வந்ததில் ஹார்லெம் ரிவர் ஹவுசஸ் (1937) நன்றாகவே அமைந்தது: நாலைந்து மாடி, நடுவே முற்றங்கள், சிற்பங்கள். அதே வருடம் வந்த வீட்டுவசதிச் சட்டம் பெரிய நகரங்களில் ஒரு வீட்டுக்கு 5,000 டாலர் என்று உச்சவரம்பு கட்டியது. அப்புறம் கத்தரிக்கோல்தான். அலமாரிகளுக்குக் கதவு போடவில்லை. 1939-ல் குடிவர ஆரம்பித்த குயின்ஸ்பிரிட்ஜில் 3,149 வீடுகள், 6 மாடி. லிஃப்ட் 1, 3, 5-ல் மட்டும் நிற்கும் (அங்கே தரைத்தளம்தான் 1). லிஃப்ட் கதவு ஒவ்வொன்றும் செலவு என்பதால் பாதிக் கதவை மிச்சம் பிடித்தார்கள். நாலாம் மாடிக்காரர் கைக்குழந்தையோடும் மளிகைப் பையோடும் மூன்றில் இறங்கி ஏற வேண்டும், அல்லது ஐந்துக்குப் போய் இறங்க வேண்டும். அலமாரிக் கதவுக்கு ஒரு துணியைத் தொங்கவிட்டுச் சமாளிக்கலாம், படிக்கட்டுக்கு என்ன தொங்கவிடுவது?

இதே சிக்கனம் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தில் அழகாக முடிந்தது. 1931-ல் திறந்த அந்தப் பாலத்தின் எஃகுக் கோபுரங்களுக்குக் கல் போர்த்துவதாகத்தான் திட்டம். பணம் இல்லாமல் வெறும் எஃகாக விட்டார்கள். அந்த வெற்றுப் பின்னலைத்தான் இன்று எல்லோரும் படமெடுக்கிறார்கள். கல் இல்லாத பாலத்தில் நடப்பவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. நாலாம் மாடியில் நிற்காத லிஃப்ட் அப்படியா?

ஆர்ச்சர்ட் தெருவில் 97-ம் எண் வீட்டையும் சொல்லிவிடுகிறேன். 1863-ல் கட்டியது, மாடிக்கு 4 குடித்தனம், ஒவ்வொன்றும் சுமார் 325 சதுர அடி. தீப்பாதுகாப்பு விதிகள் இறுகியபோது, மரப் படிக்கட்டையும் நடையையும் மாற்றிக் கட்டுவது வாடகையில் கட்டுப்படியாகாது என்று வீட்டுக்காரர் 1935-ல் குடித்தனக்காரர்களைக் காலி செய்யச் சொல்லி, மேல் மாடிகளை அடைத்துவிட்டார். கீழே கடைகள் மட்டும் நடந்தன. 1988-ல் அருங்காட்சியகம் அமைக்க இடம் தேடி வந்தவர்கள் மேலே ஏறிப் பார்த்தபோது, குடும்பம் மாற மாற ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய சுவர்க் காகிதம் சுவரிலேயே இருந்தது.