சாமி இல்லாத நாட்டுக்கும் மூத்தோர் உண்டு

நான் எழுதிவரும் தொடர்கதையில் தாழைநாடு என்று ஒரு நாடு வருகிறது. அங்கே கோயில் கிடையாது, பூசாரி கிடையாது, மறுபிறவி என்ற பேச்சே கிடையாது. படித்தவர்களில் பலரும் கேட்கிறார்கள்: "சாமியே இல்லேன்னா அந்த ஊர்ல யாருக்குப் பயப்படுவாங்க? எதை வச்சு ஒத்துமையா இருப்பாங்க?" மதுரைக்காரர்களே இப்படிக் கேட்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. விடை நம் ஊரைச் சுற்றியே கல்லாக நிற்கிறதே!

ஆண்டிப்பட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகற்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஈராயிரம் ஆண்டுக்கும் பழைய தமிழ் எழுத்து. அதில் ஒன்றில் இருப்பது இவ்வளவுதான்: "கல் பேடு தீயன் அந்துவன் கூடல் ஊர் ஆகோள்." யார், எந்த ஊர், எந்தப் பூசலில் பட்டான் என்பது மட்டும். தெய்வத்தின் பெயர் இல்லை, வரம் கேட்கவில்லை, சாபமும் இல்லை. ஆகோள் என்றால் அடுத்த ஊர் மாடுகளைக் கவரும் சண்டை. அதில் உயிர்விட்டவனை ஊர் மறக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள், கல்லில் வெட்டியிருக்கிறார்கள். எதை மதித்தார்கள் என்பது அந்தச் சின்ன வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

வள்ளுவர் இல்லறத்தான் பேண வேண்டிய ஐவரைச் சொல்லும்போது தென்புலத்தாரை, அதாவது செத்துப்போன முன்னோரைத்தான் முதலில் வைக்கிறார். தெய்வம் அடுத்து. பிறகு விருந்து, சுற்றம், தான். தாழைநாட்டில் நான் தெய்வத்தை மட்டும் எடுத்தேன். மற்ற நான்கும் அப்படியே இருக்கின்றன. ஒரு நாடு நடக்க அது போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் இதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. சாமியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் செத்த தாத்தாவை உட்காரவைத்து அவரிடம் மழை கேட்டால், அது வேறு பெயரில் அதே கும்பிடுதான். நம் பக்கத்துக் குலசாமிகள் பலரும் ஒருகாலத்தில் சண்டையில் பட்டவர்கள், அநியாயமாகச் செத்தவர்கள். படையலும் சுருட்டும் வந்த பிறகு, அவர்கள் என்ன செய்தார்கள் என்ற கதை தேய்ந்து, என்ன தருவார்கள் என்பதே மிஞ்சியது. குலசாமி கும்பிடுவதை நான் குறை சொல்லவில்லை. பங்காளிகள் எல்லாரும் ஒரு நாளாவது ஒரே இடத்தில் கூடுவது பெரிய விஷயம். ஆனால் தாழைநாட்டில் செத்தவர் எதையும் தரமாட்டார். கடன் முழுக்க இருப்பவர் பக்கம்.

இன்னொன்று, இரத்தம். முன்னோர் என்றால் என் வம்சத்தார் மட்டும் என்று வைத்தால், நாலு தலைமுறையில் அது சாதியாக இறுகிவிடும். அரசன் தன் அப்பனையே சாமியாக்கிக்கொள்வான். இதற்கு எனக்கு வழிகாட்டியவர் பென்னிகுயிக். 1895-ல் அவர் கட்டிய முல்லைப் பெரியாறு அணை முடிந்து மேற்கே ஓடிய தண்ணீர் வைகைப் பக்கம் திரும்பியது. கடல் கடந்து வந்த அந்த வெள்ளைக்காரப் பொறியாளரின் பிறந்தநாளான ஜனவரி 15 அன்று தேனிப் பக்கத்தில் இன்றும் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைக்கிறார்கள். அவர் யார் வீட்டுப் பங்காளி? தண்ணீர் குடித்தவர்கள் அவரை மூத்தவராக ஏற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். தாழைநாட்டிலும் அப்படியே. கல் நடச் சொல்லிக் கேட்கும் உரிமை செத்தவரின் மக்களுக்குக் கிடையாது. அவரால் பயன்பட்ட அடுத்த வீட்டுக்காரன்தான் கேட்க வேண்டும். அரசனுக்கும் இதே விதி. கிணறு வெட்டியவன் கல்லைவிட அரசன் கல் ஒரு விரல்கூட உயரக் கூடாது.

நடுகற்களில் பெரும்பாலும் ஆண்கள்தான் நிற்கிறார்கள். அதை என் கதையில் திருத்தியே தீருவேன். 1920 ஏப்ரல் 3-ல் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் கைரேகைச் சட்டத்தை, அதாவது பிறப்பை வைத்தே குற்றவாளி என்று பதிந்து கைரேகை வாங்கிய வெள்ளையர் சட்டத்தை எதிர்த்துச் சுடப்பட்டுச் செத்தவர்களில் மாயக்காளும் ஒருவர். உயிருக்குப் போராடியவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்றுதான் ஊர் அவரைச் சொல்கிறது. தாழைநாட்டில் வழக்கு நடந்தால் சாட்சி சொல்பவர் கற்பூரம் அணைப்பதில்லை. இப்படிப்பட்ட ஒருத்தியின் கல்லைத் தொட்டு, அவள் செய்ததை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் தன் பேச்சைத் தொடங்க வேண்டும். அதைச் சொன்ன வாயால் பொய் சொல்வது சுலபமில்லை. பயம் எங்கிருந்து வரும் என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான்.

அடுத்த பகுதியில் ஊரைக் காட்டிக்கொடுத்தவனுக்கும் கல் உண்டா என்ற வழக்கு வருகிறது. உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கத்து உறவுகளே, உங்கள் ஊர்க் கம்மாய்க் கரையிலோ மந்தையிலோ இன்னும் சாமியாகாமல் மனுசராகவே நிற்கும் கல் ஏதாவது இருந்தால், அதன் கதையோடு எழுதுங்கள்.