லீற்றருக்கு 35 ஓடுதாம்!

அந்த வீடியோவைப் பார்க்காத ஆள் இந்நேரம் மட்டக்களப்பில் இருக்க முடியாது. ஆகவே முழுக்கதையும் சொல்லவில்லை. ரொயோட்டா அக்வா என்ற ஹைபிரிட் காரை, அதாவது பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டரும் உள்ள காரை, வாங்கச் சொல்லும் வீடியோ. "அக்வா எடுத்தா லீற்றருக்கு 35. ஃபுல் டாங்க் அடிச்சா கொழும்புக்கு ரெண்டு தரம் போய் வரலாம்." கீழே கருத்தில் நான் கேட்டது ஒரே வரி: "எந்தப் பாதையில், எந்த வேகத்தில்?" அரை மணித்தியாலத்தில் அந்த வரியைக் காணவில்லை. அதற்குப் பதிலாக மேலே ஒன்றைத் தூக்கி வைத்திருக்கிறார்கள்: "சிலருக்கு அடுத்தவன் கார் வாங்கினா வயிறு எரியும்."

எரிகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி அப்படியேதான் கிடக்கிறது. எந்தப் பாதையில், எந்த வேகத்தில்?

அந்த 35 எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜப்பானில் ஜேசி08 என்று ஒரு எரிபொருள் சோதனை. 2011இல் வந்த அக்வாவுக்கு அதில் கிடைத்தது லீற்றருக்கு 35.4. அந்தச் சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீற்றர் அளவு. ஓடும் தூரம் எட்டுக் கிலோமீற்றர் சொச்சம். ஏசி இல்லை, நாலு பேர் இல்லை, டிக்கியில் கொழும்பு மாமிக்கு அரிசி மூட்டையும் இல்லை. டாங்க் 36 லீற்றர். 35.4ஐ 36ஆல் பெருக்கினால் 1274. இங்கிருந்து கொழும்பு ஏறத்தாழ 315 கிலோமீற்றர். ஆஹா, ரெண்டு தரம் போய் வந்தாச்சு! கல்குலேட்டரில்தான்.

இதே காரை அமெரிக்காவில் 'பிரியஸ் சி' என்று விற்றார்கள். அங்கே அரசாங்கச் சோதனையில் நகரத்துக்குள் கலனுக்கு 53 மைல், நெடுஞ்சாலையில் 46. நம் கணக்கில் லீற்றருக்கு 22.5, 19.6 கிலோமீற்றர். நெடுஞ்சாலையில்தான் குறைவு, கவனியுங்கள். சாதாரண பெற்றோல் காருக்கு இது தலைகீழ்.

காரணம் பெரிய விஞ்ஞானமில்லை. ஹைபிரிட் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் மூன்று இடத்தில்: பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை மோட்டர் திருப்பி எடுத்து பற்றறிக்குள் போடும், நிற்கும்போது எஞ்சின் ஓயும், மெதுவாக ஊரும்போது பற்றறியில் ஊரும். ரிதிதென்னையிலிருந்து வெலிகந்தைக்கு நேர்ரோட்டில் 70இல் போகும்போது பிரேக் எங்கே, நிற்பது எங்கே? யானை குறுக்கே வந்தால்தான். அப்போது எஞ்சின்தான் காற்றைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். அக்வாவின் பற்றறி ஒரு கிலோவாட் மணித்தியாலம்கூட இல்லை. அதையும் கம்ப்யூட்டர் முழுதாக நிரப்பாது, முழுதாக இறக்கவும் விடாது. கொழும்பு வரை அது இழுக்கும் என்று நினைப்பவர்களை என்ன சொல்ல.

அப்போ ஹைபிரிட் வேண்டாமா? நான் அப்படிச் சொன்னேனா? இதுதான் கோபம் வருகிற இடம். நம் பாதைகளில் ஹைபிரிட்டுக்கென்றே போட்ட மாதிரி ஒரு பாதை இருக்கிறது: கல்லடிப் பாலம் தாண்டி காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. ஏ4 என்று பெயர்தான் பெருந்தெரு. ஊருக்கு ஊர் வேகம் 50, சந்திக்குச் சந்தி பிரேக், பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஊர்தல். தினமும் மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுக்கு வேலைக்குப் போகிறவர் ஏறத்தாழ 65 கிலோமீற்றர் போய் அதே தூரம் வர வேண்டும். 130 கிலோமீற்றருக்கு லீற்றருக்கு 20 என்றால் ஆறரை லீற்றர். சாதாரண 1500 சீசீ கார் 13 ஓடினால் பத்து லீற்றர். நாளுக்கு மூன்றரை லீற்றர் மிச்சம், 22 வேலைநாளுக்கு 77 லீற்றர். இன்றைய பெற்றோல் விலையால் பெருக்குங்கள், இரண்டு வாகனங்களின் விலை வித்தியாசத்தை அதால் வகுங்கள், எத்தனை மாதம் என்று வரும். இதைச் சொல்ல 35 என்று பொய் தேவையா? 20 என்ற உண்மையே போதுமே!

அடுத்தது, 'ஹைபிரிட்' என்று பின்னால் ஒட்டியிருப்பதெல்லாம் ஒரே சாமான் இல்லை. சுசூகி வேகன்ஆர் வைத்திருப்பவர்கள் கோபிக்க வேண்டாம். உங்களுடையது எஞ்சினுக்கு ஒரு கைத்தாங்கல், அவ்வளவுதான். 660 சீசீ எஞ்சின், ஒரு சின்ன மோட்டர், ஒரு சின்ன லித்தியம் பற்றறி. 2017 மொடல் 13 கிலோமீற்றர் வேகத்துக்குக் கீழே பத்து விநாடி வரைக்கும் மின்சாரத்தில் ஊரும். ஊருக்குள் ஓட நல்ல வாகனம். நாலு பேரையும் ஏசியையும் போட்டு ஹபரணை வரை அமத்தினால் அது மூச்சு வாங்கும்.

நிசான் நோட் இ-பவரில் சக்கரத்தைச் சுற்றுவது எப்போதும் மோட்டர்தான். எஞ்சின் கரண்ட் அடிக்கும் ஜெனரேற்றர். கல்முனைச் சந்திக்கு அருமை. நீண்ட நேர்ரோட்டில் பெற்றோலைக் கரண்டாக்கி, கரண்டைத் திரும்ப ஓட்டமாக்குவதில் இழப்பு உண்டு. ஹொண்டாவின் ஹைபிரிட்டுகளான ஃபிட் ஜீபி5, வெசெல் இரண்டிலும் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் கியர்பொக்ஸ். வேகமான நேர்ரோட்டுக்கு நல்லது, ஆனால் அது எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச். காத்தான்குடிச் சந்தையடியில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் சூடேறும். டாஷ்போர்டில் கியர்பொக்ஸ் சூடு என்று எழுத்து வந்தால் ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள், அமத்தி ஓட்டாதீர்கள். பழைய ஜப்பான் இறக்குமதி என்றால் அந்தக் கியர்பொக்ஸ் மென்பொருள் திருத்தம் ஏற்றப்பட்டதா என்று செசி நம்பரைக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு பாதையும் கலந்து ஓடுகிறவருக்கு ரொயோட்டா முறைதான் என் தெரிவு: அக்வா, அக்ஸியோ ஹைபிரிட், பிரியஸ். மாறி மாறிப் பிடித்துக் கழலும் கிளட்ச் இல்லை, பெல்ட் இல்லை. நெடுந்தூரம் அதிகமென்றால் பிரியஸ். 1800 எஞ்சின் 70இல் அலட்டாமல் ஓடும்.

ஆனால் எதை என்பதைவிட எந்த நிலையில் என்பதுதான் பெரிய கேள்வி. வீடியோவில் அதைப்பற்றி ஒரு சொல் இல்லை.

மூன்றாம் தலைமுறைப் பிரியஸ், 2009 முதல் 2015 வரை வந்தது, பார்க்கப் போகிறீர்களா? காலையில் போங்கள், "ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று முதலே சொல்லுங்கள். போனதும் பொனட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் விற்பவர் ஏதோ மறைக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆன முதல் சில விநாடி கடகடவென்று உதறினால் ஹெட் கஸ்கெட்டை, அதாவது எஞ்சினுக்கும் அதன் தலைக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகட்டை, சந்தேகியுங்கள். கசிவே இல்லாமல் கூலன்ட் குறைந்தால் இன்னும் சந்தேகியுங்கள். வழக்கமான காரணம் ஈஜிஆர் கூலரில், அதாவது திரும்ப எஞ்சினுக்குள் போகும் புகையைக் குளிரவைக்கும் பாகத்தில், கரி அடைப்பது. எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மெனிபோல்டில் ஈஜிஆருக்கு நாலு சின்னத் துவாரம் உண்டு. சிலது அடைத்து சிலது திறந்திருந்தால் ஒரு சிலிண்டர் மட்டும் அதிகம் சூடாகும். கூலரையும் மெனிபோல்டையும் கழற்றிக் கழுவுவது ஒரு நாள் வேலை. ஹெட் இறக்குவது வேறு கதை, வேறு பில்.

பற்றறிக்கு வருவோம். பற்றறிப் பொதி சின்னச் சின்ன மொடியூல்களால் ஆனது. இந்தப் பிரியஸில் 28 மொடியூல், ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், மொத்தம் 201.6. அக்வாவில் 20, மொத்தம் 144. காரின் கம்ப்யூட்டரை வாசிக்கும் ஸ்கானரைப் போட்டு சும்மா நிறுத்தி வைத்துப் பார்த்தால் எல்லா வோல்ட்டும் அழகாகத்தான் தெரியும். ஓட்டிப் பார்க்க வேண்டும். ஏசியைப் போட்டு, அமத்தி வேகம் எடுத்து, அந்த நேரம் எந்த புளொக் (சில மொடியூல் சேர்ந்த தொகுதி) மற்றதைவிடக் கீழே விழுகிறது என்று பாருங்கள். ஒன்று அரை வோல்ட்டுக்கு மேல் தனியே விழுந்தால் அந்தப் பற்றறிக்கு வயசாகிவிட்டது. பீ0ஏ80 என்ற கோட், அதாவது பற்றறி மாற்ற வேண்டும் என்ற பிழைக்குறி, வந்த பிறகு பார்ப்பது பார்ப்பதே இல்லை, அழித்துவிட்டுக் காட்டுவார்கள்.

தெரிந்த டீச்சர் ஒருவரின் அக்வா நடுப்பகலில் வெலிகந்தைக்குக் கிட்ட சிவப்பு முக்கோணம் காட்டி நின்றது. மட்டக்களப்புக்கு ஏற்றி வந்து பின் சீற்றைக் கழற்றினார்கள். பற்றறிக்குக் காற்றிழுக்கும் ஃபேனின் அலகு ஒன்றும் தெரியவில்லை. மணல், தலைமயிர், பிஸ்கட் தூள், சீற் பஞ்சு எல்லாம் சேர்ந்து சாம்பல் நிறத்தில் கம்பளிபோல் மூடியிருந்தது. காற்று போகும் வாயிலில் பிள்ளையின் தலையணையைத் தினமும் அடைத்து வைத்திருந்திருக்கிறார்கள். ஒருவரும் அவவுக்குச் சொல்லவில்லை. விற்றவர் சொன்னது ஒன்றுதான்: லீற்றருக்கு எத்தனை ஓடும் என்பது.

அதைவிட வயிற்றெரிச்சல் பிறகு நடந்தது. ஒரு மொடியூலை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் இன்னொன்று, மறுகா இன்னொன்று. பத்து வருசம் உழைத்த இருபதுக்குள் ஒன்றை மாற்றினால் மற்றப் பத்தொன்பதும் இளமையாகிவிடுமா? கொள்ளளவு பொருந்தாது, பலவீனமானது அடுத்ததாக விழும். மாற்றுவதென்றால் முழுப் பொதியையும் மாற்றுங்கள். இல்லையென்றால் எல்லா மொடியூலையும் லோட் போட்டு அளந்து சமப்படுத்தி, மொடியூல்களை இணைக்கும் பஸ்பார் தகடுகளில் பிடித்த பச்சைக் களிம்பைச் சுத்தம் செய்து பூட்டுகிறவரிடம் கொடுங்கள். கடற்கரை ஊர் நமக்கு. உப்புக் காற்றில் அந்தக் களிம்பு வரும்.

பற்றறிக்குக் காற்றுப் போகும் வாயிலின் ஃபில்டர், கிறில் கழற்றித் தூசி தட்டுவது வீட்டிலேயே செய்யலாம். படுவான்கரைக் கிறவல் ரோட்டில் ஓடுகிறவர்கள் அடிக்கடி செய்யுங்கள். பற்றறியைத் திறக்கும் வேலை வேறு: காரை ஓய்த்து, 12 வோல்ட் நெகடிவைக் கழற்றி, செம்மஞ்சள் சேர்விஸ் பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிடம் பொறுத்து, மின்காப்புக் கையுறையோடு தொட வேண்டியது. கை வைக்காதீர்கள்.

ஏசி கடைக்காரருக்கும் ஒன்று. ஹைபிரிட்டின் கொம்ப்ரசர் பெல்ட்டில் ஓடுவதில்லை, உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. அதற்கு ஊற்ற வேண்டியது என்டீ11 எண்ணெய். சாதாரண பீஏஜீ எண்ணெயை ஊற்றினால் மின்காப்பு கெட்டு பீ0ஏஏ6 கோட் வரும், வாகனம் 'ரெடி' என்ற ஓடத் தயாரான நிலைக்கே வராமல் போகலாம். கேஸ் அடிக்கக் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று போத்தலைப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம்.

இனி வரப்போகிற கருத்துகள். "டாக்ஸிக்காரர் பிரியஸில் மூன்று லட்சம் ஓடுறாங்களே?" ஓடுகிறார்கள், மறுக்கவில்லை. அவர்கள் தினம் ஓட்டுகிறார்கள், ஃபில்டர் தட்டுகிறார்கள், சத்தம் மாறினால் அன்றைக்கே பார்க்கிறார்கள். சும்மா கிடக்கிற நிக்கல் பற்றறியைவிட ஓடுகிற பற்றறி நல்லது. இது நியாயமான வாதம், அதனால்தான் ஓடின கிலோமீற்றரைக் கண்டு பயப்படாதீர்கள் என்கிறேன். "முழு மின்சாரக் கார் எடுங்களேன்" என்பவர்களுக்கு: வேறு நாள் பேசலாம். "நீ டீசல் ஆள்" என்பவர்களுக்குப் பதில் கிடையாது.

"எங்கட பக்கம் ஹைபிரிட் பார்க்கிற பாஸ்மார் இல்லையா?" இருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் வாகனம் வருவது வாங்கின பிறகு! வாங்க முன் ஸ்கானரோடு ஒருவரைக் கூட்டிப் போக ஒரு சின்னத் தொகை கொடுக்க மனமில்லை. லீசிங்குக்கு மட்டும் ஐந்து வருசம் கட்டுவோம்.

2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் ஓடித் தேய்ந்த வாகனங்கள் பல பொலிஷ் போட்டு, மீற்றரைத் திருப்பி கிழக்குக்கு வந்தன. ஆசிரியர், தாதி, கச்சேரி உத்தியோகத்தர்தான் வாங்கினார்கள். தினம் நூறு கிலோமீற்றர் ஓடித்தான் ஆக வேண்டும் என்பதால் வாங்கினார்கள், ஆடம்பரத்துக்கில்லை. அவர்களுக்கு ஒரு கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்தால் அது வயிற்றெரிச்சலா? 2024 நவம்பர் வெள்ளத்தில் நின்ற கார்களும் கைமாறியிருக்கும். அக்வாவின் பற்றறி பின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. சீற் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு தெரியும். கார்ப்பெட்டின் அடியை முகர்ந்து பாருங்கள். டாஷ்போர்ட் காட்டும் சராசரியை நம்பாதீர்கள். அது கொஞ்சம் தாராளம். ஃபுல் அடித்து, ஓடி, அதே பம்பில் திரும்ப ஃபுல் அடித்து வகுத்துப் பாருங்கள்.

நான் வாகனம் விற்பதில்லை, கொமிஷனும் இல்லை. இன்பொக்ஸில் "எதை எடுக்கலாம்" என்று கேட்பவர்கள் எந்தப் பாதை, நாளுக்கு எத்தனை கிலோமீற்றர், எத்தனை பேர் ஏறுவார்கள், வாகனம் நிற்கும் இடம் மணலா கொங்கிறீற்றா என்று சேர்த்து எழுதுங்கள். ஸ்கான் படம் இருந்தால் அதையும் அனுப்புங்கள், ஓட்டத்தில் எடுத்ததாக இருக்கட்டும்.