வான்கோழி வாங்கினால் ஜனநாயகம், பிரியாணி வாங்கினால் கேவலமா?

ஞாயிற்றுக்கிழமை இங்கே சிகாகோவில் நம் தமிழர் விழா மேடையில் அந்த அண்ணன் பேசிய வீடியோ இந்நேரம் எல்லார் வாட்ஸப்புக்கும் வந்திருக்கும். பேர் சொல்லப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. "இந்த சிகாகோவைப் பாருங்க. வேட்பாளர் கொள்கையைச் சொல்றார், ஜனங்க யோசிச்சு ஓட்டுப் போடுறாங்க. நம்ம ஊர்ல? ஒரு பிரியாணிப் பொட்டலம், ஒரு குவார்ட்டர், முடிஞ்சுது ஜனநாயகம்." கைதட்டல். விசில் வேறு.

அண்ணே, வேறு எந்த ஊரைச் சொல்லியிருந்தாலும் பாயசத்தைக் குடித்துவிட்டு நான் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருப்பேன். போயும் போயும் சிகாகோவையா சொல்ல வேண்டும்?

1955லிருந்து 1976ல் சாகும்வரை இந்த ஊரை ஆண்ட ரிச்சர்ட் ஜே. டேலி வெறும் மேயர் இல்லை. 1953லிருந்தே குக் கவுன்ட்டி ஜனநாயகக் கட்சிக்கும் அவர்தான் தலைவர். ஒரு கையில் மாநகராட்சி, மறு கையில் கட்சி. ஐம்பது வார்டு, வார்டுக்கு ஒரு கமிட்டிமேன், அவருக்குக் கீழே சாவடிக்குச் சாவடி பிரீசிங்க்ட் கேப்டன்கள். நம் கணக்கில் வட்டச் செயலாளரும் பூத் ஏஜென்ட்டும்தான். இந்தக் கேப்டனுக்குக் கட்சி சம்பளம் தராது. அரசாங்கம் தரும். துப்புரவிலோ, பூங்காவிலோ, கோர்ட்டிலோ ஒரு வேலை. அப்படிக் கட்சி சொல்லி நிரப்பிய வேலைகள் முப்பதாயிரத்துக்கும் மேல் என்பார்கள். தேர்தலுக்கு முன்பே தன் சாவடியில் யாருக்கு எத்தனை ஓட்டு விழும் என்று கேப்டன் கமிட்டிமேனிடம் கணக்கு ஒப்பிக்க வேண்டும். ஓட்டு குறைந்தால் வேலைக்கு ஆபத்து. இதற்கு இந்த ஊர்க்காரர்களே வைத்த பெயர் "மெஷின்".

ஓட்டுப் போட்டவருக்கு என்ன கிடைத்தது? புதுக் குப்பைத்தொட்டி. வாசல் மரத்தின் கிளையை வெட்ட ஆள். பையனுக்குக் கோடை விடுமுறையில் ஒரு வேலை. கிறிஸ்துமஸுக்கு ஏழை வீட்டில் ஒரு வான்கோழி. இதை வாங்கினவர்கள் யோசித்து ஓட்டுப் போட்ட குடிமக்களாம், பிரியாணி வாங்கினவர்கள் மட்டும் சோத்துக்கு விலைபோனவர்களாம். நல்லா இருக்கு நியாயம்.

கொள்கை பேசலாம் என்று போனவர்களை மெஷின் எப்படி வரவேற்றது தெரியுமா? 1948ல் ஆப்னர் மிக்வா என்ற சட்டக் கல்லூரி மாணவர் வார்டு ஆபீசுக்குப் போய், தேர்தல் வேலை பார்க்க வந்திருக்கிறேன் என்றார். "யார் அனுப்பினது?" "யாரும் அனுப்பலை." "யாரும் அனுப்பாத ஆள் எங்களுக்கு வேணாம்." காசு வேண்டாம், சும்மா வேலை செய்கிறேன் என்று வந்த பையனுக்கு இந்தப் பதில். பின்னாளில் அதே மிக்வா அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர், கூட்டாட்சி நீதிபதி எல்லாம் ஆனார் என்பது வேறு விஷயம். அவரே வாழ்நாளெல்லாம் சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது.

"அதெல்லாம் அம்பது வருஷத்துக்கு முந்தைய சமாச்சாரம் மேடம்" என்று ஒருத்தர் வருவார் என்று தெரியும். வாங்க. கட்சிக்காக ஆளை வேலைக்கு வைப்பது, நீக்குவது இரண்டையும் எதிர்த்து மைக்கேல் ஷாக்மேன் என்ற வக்கீல் வழக்குப் போட்டது 1969ல். மாநகராட்சி அந்த வழக்கின் கண்காணிப்பிலிருந்து வெளியே வந்தது 2014ல். நடுவில் 2006ல், டேலியின் மகன் மேயராக இருந்தபோது, அவர் ஆபீசில் ஆள்சேர்ப்பு பார்த்த ராபர்ட் சோரிச் போலி நேர்காணல் நடத்தி வேலை கொடுத்த மோசடியில் தண்டிக்கப்பட்டார். 54 வருஷம் ஆல்டர்மேனாக, அதாவது வார்டு கவுன்சிலராக, இருந்த எட் பர்க்குக்கு 2024ல் சிறைத் தண்டனை. மாநில சபாநாயகராக இருந்த மைக்கேல் மடிகனுக்கு 2025ல் ஏழரை வருஷம். அவர் ஆட்களுக்கு மின்சாரக் கம்பெனி வேலை வாங்காமலே சம்பளம் கொடுத்த கதையும் அந்த வழக்கில் உண்டு. 2025ஐ ஐம்பது வருஷம் முந்தையது என்று எந்த நாள்காட்டியில் எழுதியிருக்கிறது?

மெஷினை நான் கொஞ்சவில்லை. அதன் அசிங்கம் எனக்கும் தெரியும். 1963 மேயர் தேர்தலில் கறுப்பின வார்டுகள் கைவிட்டிருந்தால் டேலியின் கதை கந்தல்தான். அதே மக்கள் விரும்பிய பகுதியில் வீடு கேட்டு 1966ல் மார்ட்டின் லூதர் கிங்கோடு வெள்ளையர்கள் வாழ்ந்த மார்க்கெட் பார்க் (Marquette Park) பகுதியில் ஊர்வலம் போனபோது கல் பறந்தது, கிங் தலையிலேயே ஒரு கல் பட்டது. ஓட்டு மட்டும் வேண்டும், பக்கத்து வீட்டில் ஆள் வேண்டாம். நம் ஊர்ச் சேரிக்கும் இந்தக் கதை புதுசா என்ன?

ஆனால் அந்த வாக்காளர்களை முட்டாள் என்று சொல்லாதீர்கள். அவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள். 1979 ஜனவரியில் பனி கொட்டியது. டேலிக்குப் பின் வந்த மேயர் பிலாண்டிக், வண்டிகளை எடுங்கள், பனி அள்ளிய இடங்களில் நிறுத்துங்கள் என்றார். போய்ப் பார்த்தால் அங்கே பனி அப்படியே கிடந்தது. கூட்டம் தாங்காமல் ரயில்கள் கறுப்பின மக்கள் வாழும் பகுதி நிலையங்களில் நிற்காமலே போயின. மைனஸ் குளிரில் நடைமேடையில் நின்றவர்கள், ஜன்னல் வழியாகத் தெரிந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பிப்ரவரியில் உட்கட்சித் தேர்தல். மெஷினின் வேட்பாளர் பிலாண்டிக் தோற்றார், ஜேன் பர்ன் ஜெயித்தார். நான்கே வருஷத்தில் அந்தப் பர்னையும் டேலி மகனையும் ஒன்றாகத் தோற்கடித்து ஹரால்ட் வாஷிங்டன் வந்தார், சிகாகோவின் முதல் கறுப்பின மேயர். வான்கோழி வாங்கின அதே கைகள் போட்ட ஓட்டு அண்ணே அது. வாங்குவதையும் வாங்கிக்கொண்டு, நேரம் வந்தபோது கவிழ்த்தும் விட்டார்கள். நம் ஊரிலும் பணம் வாங்கிக்கொண்டு எதிர்க்கட்சிக்குப் போட்டவர்கள் இல்லையா? அவர்களைப் பற்றி எந்த மேடையிலாவது பேசியிருக்கிறீர்களா?

எங்கள் அப்பத்தா கதையைச் சொல்கிறேன். மதுரையில் தாத்தா இறந்த பிறகு ரேஷன் கார்டில் பேர் மாற்ற மஞ்சப்பையில் காகிதங்களை வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக அலைந்தாள். இந்தச் சான்றிதழ் இல்லை, அந்தக் கையெழுத்து இல்லை, ஐயா சாப்பிடப் போயிருக்கார். கடைசியில் வட்டச் செயலாளர் டிவிஎஸ் ஐம்பதில் வந்து, "ஏறு பெரியம்மா" என்று பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. சாகிறவரை அவள் அந்தச் சின்னத்துக்குத்தான் போட்டாள். எந்தச் சின்னம் என்று சொல்ல மாட்டேன், அதற்கு வேறு ஒரு சண்டை கிளம்பும். அவள் விலைபோனாளா? அவள் ஓட்டை வேறு எதற்குப் போட்டிருக்க வேண்டும், அரசியல் அறிவியல் பாடப்புத்தகத்துக்கா? கௌண்டரில் உட்கார்ந்தவன் அன்றைக்கே வேலையை முடித்திருந்தால் அந்த டிவிஎஸ் ஐம்பதுக்கு வேலையே இருந்திருக்காது.

"அப்போ ஓட்டுக்குப் பணம் சரின்னு சொல்றீங்களா?" இல்லை. திருமங்கலம் சரி என்று நான் எங்கே சொன்னேன்? பணக் கவர் வேறு, ரேஷன் கார்டு வேறு. புரிந்துகொள்ள மாட்டேன் என்று வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல எனக்கு நேரமில்லை. "இருநூறு ரூபா" கமெண்ட் போடுகிறவர்கள் தாராளமாகப் போடுங்கள், இன்னும் ஒரு பைசா வரவில்லை.

அப்புறம், யோசித்து ஓட்டுப் போடும் சிகாகோக்காரர்கள். 2023 மேயர் தேர்தலில் இரண்டு சுற்று நடந்தது. இரண்டிலும் வாக்குப்பதிவு நாற்பது சதவீதத்தைத் தொடவில்லை. மிச்சப் பேர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் போல. நகர எல்லைக்கு வெளியே நேப்பர்வில்லில் வீடு கட்டிக்கொண்டு அண்ணன் "எங்க சிகாகோ தேர்தல்" என்கிறாரே, சிகாகோ மேயருக்கு அவரால் ஓட்டே போட முடியாது. நான் நகரத்துக்குள் இருக்கிறேன். எங்கள் சந்தில் விளக்கு எரியாதபோது மாநகராட்சிப் புகார் எண் 311க்குப் புகார் கொடுத்தேன், ஒரு எண் வந்தது, வெளிச்சம் வரவில்லை. எதிர்வீட்டுப் பாட்டிதான், "வார்டு ஆபீசுக்கு போன் பண்ணும்மா, தேர்தல் வருதுல்ல" என்றார். பண்ணினேன். எரிந்தது.

இதையெல்லாம் அங்கேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கை தூக்கினேன். "அரசியலை வீட்டுக்குப் போய் வச்சுக்கலாம்மா, சாப்பாடு ஆறுது" என்றார்கள். அவர் இருபது நிமிஷம் பேசியது அரசியல் இல்லை, நான் கேட்க வந்த ஒரு கேள்வி மட்டும் அரசியல். பரிமாறக் கூப்பிடும்போது மட்டும் என் பேர் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அடுத்த விழாவுக்கு சாம்பார் சாதம் வேறு யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்.

கமெண்ட் திறந்தேதான் இருக்கிறது. டேலியைத் திட்டுங்கள், என்னைத் திட்டுங்கள். அப்பத்தாவைத் தொட்டால் பிளாக்.