சாய்தளம் இருந்தால் போதுமா?

சக்கர நாற்காலியில் வருவோருக்கான கட்டட வசதி பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில், 'வாசலில் சாய்தளம் கட்டியாயிற்று, சட்டப்படி வேலை முடிந்தது' என்று ஒரு வரி வருகிறது. முடியவில்லை. சரிவு 1:12 இருக்க வேண்டும்; அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். 15 செ.மீ. உயரத்தில் மூன்று படி என்றால் மொத்தம் 45 செ.மீ., அதற்குச் சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். பல இடங்களில் ஒன்றரை மீட்டரில் முடித்துவிடுகிறார்கள். அதில் ஏறினால் சக்கர நாற்காலி பின்பக்கம் கவிழக்கூடும். உயிருக்கே ஆபத்து!

மேலே கதவுக்கு முன் 1.5 மீட்டர் சமதளமும் தேவை. அது இல்லாமல் கதவு வெளிப்பக்கம் திறந்தால், திறப்பவர் சரிவிலேயே பின்னால் உருள வேண்டியதுதான். கைப்பிடி இருபுறமும் வேண்டும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 44ஆம் பிரிவை யாரும் கவனிப்பதில்லை. விதிப்படி கட்டாத கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்றிதழே தரக்கூடாது. சான்றிதழில் கையெழுத்திடும் முன் அதிகாரி டேப் பிடித்து அளந்து பார்க்கட்டும்.