சிமெண்டு குழைப்பவருக்கு அட்டை கட்டாயம், திட்டத்தை நடத்தும் அதிகாரிக்கு?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் அரசாங்கக் கட்டடம் எது எழும்பினாலும் முன்னால் ஒரு திட்டப் பலகை நடுவார்கள். குத்தகையாளர் பெயர், பொறியாளர் பெயர், இலாகா, தொடங்கும் நாள், முடியும் நாள் எல்லாம் அதில் இருக்கும். குத்தகையாளர் 1994ஆம் ஆண்டின் 520ஆவது சட்டப்படி சிஐடிபி என்ற கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்து, ஜி1 முதல் ஜி7 வரை ஏதாவது ஒரு தரத்தில் இருந்தாக வேண்டும். தன் தரத்துக்கு மீறிய தொகையில் வேலை எடுக்க முடியாது. வரைபடத்தில் கையெழுத்துப் போடுபவர் 1967ஆம் ஆண்டுப் பொறியாளர் பதிவுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். சிமெண்டு குழைக்கும் தொழிலாளிகூட ஒரு நாள் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்து பச்சை அட்டை வாங்காமல் உள்ளே போக முடியாது. அரசாங்கத்தின் சார்பில் நின்று அந்தத் திட்டத்தை நிலம் தேடுவதிலிருந்து சாவி ஒப்படைப்பது வரை நடத்துகிற அதிகாரிக்கு மட்டும், 'இவருக்குத் திட்டம் நடத்தத் தெரியும்' என்று சொல்லும் சான்று சட்டப்படி தேவையில்லை.

அவர் நல்ல பொறியாளராக இருக்கலாம், நேர்மையான நிர்வாகியாக இருக்கலாம். அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் பாலத்தின் உத்தரத்தைக் கணக்கிடுவது ஒரு வேலை; பாலம் கட்டும் பணத்தையும் காலத்தையும் ஆட்களையும் கையில் பிடித்து வைத்திருப்பது வேறு வேலை.

'பயிற்சி கொடுக்கிறார்களே' என்று கேட்பீர்கள். கொடுக்கிறார்கள். அதிகாரிகளுக்கு இந்தான் என்ற தேசியப் பொது நிர்வாகக் கழகம் இருக்கிறது. பொதுப்பணித் துறைக்கு மலாக்கா அலோர் காஜாவில் தனிப் பயிற்சி மையமே இருக்கிறது. ஆண்டுக்குக் குறைந்தது 7 நாள் பயிற்சி என்று 2005லேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. கோளாறு அந்த '7 நாள்' என்ற அளவிலேயே இருக்கிறது. வகுப்பில் எத்தனை நாள் உட்கார்ந்தார் என்பதை எண்ணுகிறோமே தவிர, வெளியே வந்தபின், குத்தகையாளர் கூடுதல் நாள் கேட்டுப் போடும் ஒரு கால நீட்டிப்பு மனுவைச் சரியாகத் தீர்மானிப்பாரா என்று யாரும் சோதிப்பதில்லை. மேடைப்பேச்சு வகுப்பும் 7 நாளில் சேரும், ஒப்பந்த நிர்வாக வகுப்பும் சேரும். இரண்டுக்கும் ஒரே மதிப்பு!

அமெரிக்க மத்திய அரசாங்கம் இதற்கு 2007இல் ஒரு சான்றுத் திட்டம் கொண்டுவந்து, 2013இல் திருத்தியது. தொடக்கம், இடை, மூத்த நிலை என்று மூன்று படிகள். மேலே போகப் போக வகுப்போடு கைப்பழக்கமும் கேட்பார்கள். மூத்த நிலைக்குக் கடந்த 10 ஆண்டில் குறைந்தது 4 ஆண்டு திட்டம் நடத்தியிருக்க வேண்டும், அதில் ஓராண்டாவது மத்திய அரசாங்கத் திட்டமாக இருக்க வேண்டும். வாங்கிய சான்றும் ஆயுளுக்கு நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 80 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்காவிட்டால் காலாவதி. எல்லாவற்றையும்விட முக்கியம், பெரிய கொள்முதல் திட்டம் என்றால் மூத்த நிலைச் சான்றுள்ளவரைத்தான் தலைமைக்குப் போட வேண்டும் என்று பதவியோடு கட்டிவிட்டார்கள். 2016 டிசம்பரில் வந்த சட்டம் இன்னும் ஒரு படி போய், பெரிய அமைச்சுகள் ஒவ்வொன்றும் திட்ட மேலாண்மைக்கென்றே ஒரு மூத்த அதிகாரியை நியமிக்கவும், இந்த வேலைக்குத் தனிப் பதவி உயர்வுப் பாதை வகுக்கவும் சொன்னது.

இதைக் கேட்டு வாயைப் பிளக்க வேண்டாம். சான்று முறை வந்து ஆறு ஆண்டு கழித்து, 2013 அக்டோபரில்தான் அவர்களுடைய மருத்துவக் காப்புறுதி இணையத்தளம் திறந்த அன்றே படுத்துவிட்டது. முழுத் திட்டத்துக்கும் யார் தலைவர் என்பதே தெளிவாக இல்லை என்று பின்னால் வந்த ஆய்வறிக்கை எழுதியது. சான்று மட்டும் இருந்தால் போதாது, பொறுப்பு ஒரே ஆளின் பெயரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பிரிட்டிஷ்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் கெட்டிக்காரர்கள். பெரிய திட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர். என்ன செய்ய வேண்டும், எதுவரை அந்தப் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று நியமனக் கடிதத்திலேயே எழுதி, அந்தக் கடிதத்தை ஊரறிய வெளியிடுகிறார்கள். அப்படிப்பட்டவர்களைத் தயார்படுத்த 2012 முதல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு பயிற்சிக்கழகமும் நடத்தினார்கள்.

நம்மூரில் சில அதிகாரிகள் சொந்தக் காசில், அமெரிக்கத் திட்ட மேலாண்மைக் கழகம் நடத்தும் பிஎம்பி சான்றுத் தேர்வு எழுதுகிறார்கள். பாராட்டலாம். பட்டதாரி என்றால் 36 மாதம் திட்டங்களை வழிநடத்திய அனுபவம், 35 மணி நேர வகுப்பு, அப்புறம் தேர்வு; மூன்று ஆண்டுக்கு 60 புள்ளி சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். அடிப்படை மொழி கைவரும். ஆனால் உலகம் முழுவதற்கும் பொதுவான தேர்வில் நம் அரசாங்கக் கட்டட வேலைக்கான 203ஏ ஒப்பந்தம் வராது, நிலம் எடுக்கும் டி பாரம் வராது, நவம்பர் மழையும் வராது. தோட்டப்புற வட்டாரத்தில் திட்டங்கள் மூச்சு வாங்குவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

முதலில் நிலம். தோட்டத்துக்குள் இருக்கும் தமிழ்ப்பள்ளிக்குப் புதுக் கட்டடம் என்று ஒதுக்கீடு அறிவித்து, படம் எடுத்து, நாளிதழில் போட்டாயிற்று. நிலம் தோட்டக் கம்பெனியின் பெயரில் இருக்கிறது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டு போட்டுக் கைமாற்ற வேண்டுமென்றால் தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவுப்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். கிராணியிடமும் மேனேஜரிடமும் வாய்வார்த்தை வாங்கி வந்தால் ஆகாது. அரசாங்கமே கையகப்படுத்துவதாக இருந்தால் 1960ஆம் ஆண்டுச் சட்டம். அதில் டி பாரம் அரசிதழில் வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் இழப்பீட்டுத் தீர்ப்பு வராவிட்டால் அந்த அறிவிப்பே செத்துப்போகும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். நில அலுவலகத்தில் கோப்பு தூங்குகிறது என்று தெரிந்தும் 'அது அவர்கள் வேலை' என்று திட்ட அதிகாரி உட்கார்ந்திருந்தால், அந்த ஆண்டு ஒதுக்கீடு செலவாகாமல் திரும்பிப் போகும். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக வகை மாற்றும் வேலை வேறு பின்னால் காத்திருக்கும். நிலம் கைக்கு வராமல் குத்தகையைக் கையெழுத்திடக் கூடாது என்பது முதல் பாடமாக இருக்க வேண்டும்.

அடுத்தது மண். கிந்தா பள்ளத்தாக்கில் சுண்ணாம்புப் பாறை அடியில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது, ஈயம் தோண்டி மூடிய நிலம் வேறு. 30 லட்சம் வெள்ளியில் ஓர் இரண்டு மாடி வகுப்பறைக் கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். மண் ஆய்வுக்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்க இரண்டே துளை போட்டு, 40 அடித்தளத் தூண் ஒவ்வொன்றும் 12 மீட்டர் மண்ணுக்குள் இறங்கும் என்று கணக்கு எழுதுகிறார்கள். அடிக்கும்போது 18 மீட்டர் போகிறது. கூடுதலாக 240 மீட்டர். மீட்டருக்கு 120 வெள்ளி என்று வைத்தால் 28,800 வெள்ளி. தொகை ஒன்றும் தலை போகிற விஷயமில்லை. ஆனால் அதற்கு வேலை மாற்ற உத்தரவு எழுதி, ஒப்புதல் வரும்வரை இயந்திரம் சும்மா நிற்கிறது, குத்தகையாளர் கால நீட்டிப்பு கேட்கிறார். இன்னும் இரண்டு துளை போட்டிருந்தால் முடிந்திருக்கும் கதை.

கால நீட்டிப்பு 203ஏ ஒப்பந்தத்தின் 43ஆவது பிரிவில் வருகிறது, தாமதத்துக்குக் குத்தகையாளர் தர வேண்டிய இழப்பீடு 40ஆவது பிரிவில். இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரியாதவர் மேற்பார்வை அதிகாரி நாற்காலியில் உட்காரக் கூடாது. 'மழை பெய்தது' என்று குத்தகையாளர் மனுப் போட்டால் உடனே கொடுத்துவிடுகிறார்கள், இல்லையென்றால் பதிலே போடாமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டும் தப்பு. ஒப்பந்தம் சொல்வது வழக்கத்துக்கு மீறிய மழையை. அக்டோபர், நவம்பரில் நம் பக்கம் மழை கொட்டுவது பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். அது வேலை அட்டவணையிலேயே இருந்திருக்க வேண்டும். வானிலை நிலையத்தின் பல ஆண்டு மழைப் பதிவை எடுத்து, அந்த மாதத்து அளவோடு ஒப்பிட்டு, அன்றைக்கு நின்ற வேலை முடிவு நாளைத் தள்ளும் வரிசையில் இருந்ததா என்று பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். கூரை போட்டபின் உள்ளே ஓடு ஒட்டும் கட்டத்தில் பெய்த மழைக்கு எதற்கு நீட்டிப்பு?

நீட்டிப்பு கொடுத்தால் வங்கி உத்தரவாதத்தையும் காப்புறுதியையும் அதே நாளுக்கு நீட்டச் சொல்ல வேண்டும். இது மறந்துபோய், குத்தகையாளர் பாதியில் ஓடியபின் கோப்பைத் திறந்தால் உத்தரவாதம் எப்போதோ காலாவதி ஆகியிருக்கும். நீட்டிப்பு இல்லையென்றால், முடிவு நாள் தாண்டியதும் 'வேலை முடியவில்லை' என்ற சான்றிதழை எழுத்தில் வெளியிட வேண்டும். அதை வெளியிடாமல் இழப்பீட்டைக் கழித்தால் குத்தகையாளரின் வழக்கறிஞருக்குக் கொண்டாட்டம். வழக்கமான சூத்திரப்படி, ஒப்பந்தத் தொகையை வங்கியின் அடிப்படைக் கடன் விகிதத்தால் பெருக்கி 365ஆல் வகுப்பார்கள்; அந்த விகிதம் 6.5 விழுக்காடு என்றால், 30 லட்சம் வெள்ளி வேலைக்கு இழப்பீடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 534 வெள்ளி. இரண்டு மாதத்துக்கு 32 ஆயிரம். ஒரே ஒரு கடிதம் எழுதாததால் போகும் பொதுப்பணம் இது.

பணம் கொடுக்கும் விஷயத்தில் ஒரே ஒரு சோதனை வைத்தாலும் நான் இதைத்தான் வைப்பேன். மாதா மாதம் வேலை எத்தனை விழுக்காடு முடிந்தது என்று காட்டும் எஸ் வளைகோட்டையும், பணம் எத்தனை விழுக்காடு போனது என்று காட்டும் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்து, 'என்ன தெரிகிறது, சொல்' என்று கேட்க வேண்டும். நாலாம் மாதத்தில் வேலை 15 விழுக்காடு, பணம் 30 விழுக்காடு என்றால் என்ன அர்த்தம்? பெரும்பாலும் வேலி, தற்காலிக அலுவலகம் போன்ற பூர்வாங்க வேலைகளின் விலையைக் குத்தகையாளர் உப்ப வைத்து முன்பணம்போல் எடுத்திருப்பார், இல்லையென்றால் இன்னும் பூட்டாத கதவும் ஓடும் தளத்தில் குவிந்திருக்கின்றன என்று காட்டிக் கணக்கு எழுதியிருப்பார். அடுத்த ஆறு மாதத்தில் அவருக்கு அங்கே வேலை செய்ய லாபமே மிச்சமில்லை. அவர் காணாமல் போவதற்கு முன்பே அந்தக் கோடு சொல்லிவிடும். தாமதம் 20 விழுக்காட்டையோ இரண்டு மாதத்தையோ தாண்டி, 'சாக்கிட்', அதாவது நோயுற்ற திட்டங்களின் பட்டியலில் சேர்ந்தபின் கூட்டம் போட்டு என்ன பயன்?

ஆகவே சான்று எப்படி இருக்க வேண்டும்? அப்ஜெக்டிவ் கேள்வித்தாள் வேண்டாம். பொறியாளர் தொழில் நேர்காணலைப் போல மூவர் குழு உட்காரட்டும். அதிகாரி தான் நடத்திய திட்டத்தின் கோப்பைத் தூக்கிக்கொண்டு வரட்டும். ஒரு கால நீட்டிப்புத் தீர்மானம், ஒரு வேலை மாற்ற உத்தரவு, ஒரு பணச் சான்றிதழ், ஒரு குறைப் பட்டியல். ஏன் அப்படி முடிவெடுத்தார் என்று ஒரு மணி நேரம் துருவட்டும். படிகளைத் தொகையோடு கட்டலாம்: 5 லட்சம் வெள்ளி வரை முதல் படி, 50 லட்சம் வரை இரண்டாம் படி, அதற்கு மேல் மூன்றாம் படி, 5 கோடிக்கு மேல் நான்காம் படி. கடைசி எல்லை என் கற்பனை இல்லை. 5 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட திட்டங்களுக்கு, செலவுக்கு ஏற்ற பயன் கிடைக்குமா என்று பார்க்கும் மதிப்பு மேலாண்மை ஆய்வு கட்டாயம் என்று 2009இல் சுற்றறிக்கை போட்டபோதே அரசாங்கம் அந்த இடத்தில் கோடு கிழித்துவிட்டது.

இடமாற்றம்தான் சிக்கலான கேள்வி. ஒரே நாற்காலியில் அதிக நாள் இருந்தால் லஞ்சத்துக்கு வழி என்று அதிகாரிகளை மாற்றுகிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நிலம் வாங்கியது ஒருவர், குத்தகை கொடுத்தது இன்னொருவர், சாவி வாங்கியது மூன்றாமவர் என்றால் பள்ளி வாரியம் யார் சட்டையைப் பிடிக்கும்? அமெரிக்கத் தற்காப்புத் துறையில் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரிய திட்டத்தின் மேலாளர் ஏறத்தாழ நாலு ஆண்டு, அதுவும் பக்கத்தில் வரும் மைல்கல் முடியும்வரை, இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். இங்கேயும் நாட்காட்டியை வைத்து மாற்றாமல் கட்டத்தை வைத்து மாற்றலாம்: அடித்தளம் முடிந்தபின், அல்லது வேலை நிறைவுச் சான்றிதழ் கொடுத்தபின். நடுவில் மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பில் நிலுவையில் உள்ள நீட்டிப்பு மனுக்கள், உத்தரவாதம் முடியும் தேதி, டி பாரத்தின் தேதி மூன்றும் இல்லாமல் புதியவர் கையெழுத்துப் போடக் கூடாது.

'இவ்வளவு கெடுபிடி வைத்தால் சின்ன ஊருக்கு யார் வருவார்கள்' என்று ஒரு வாதம் இருக்கிறது. உண்மையான வாதம். சான்று வாங்கியவர்கள் எல்லாரும் புத்ராஜெயாவுக்கும் ஈப்போவுக்கும் பறந்துவிட்டால், மாவட்ட அலுவலகத்தில் பழையபடி யாரோ ஒருவர் 'இடைக்கால'மாகப் பார்த்துக்கொள்வார். அதற்காகத்தான் சான்றோடு அலவன்சும் வேண்டும் என்கிறேன், மாவட்டத்தில் ஒரு திட்டத்தை முடித்தவருக்கு அடுத்த படிக்குப் போகும் கணக்கில் கூடுதல் எடையும் வேண்டும். சான்று இல்லாதவரை அவசரத்துக்குப் போட்டே ஆக வேண்டுமென்றால் விலக்கு கொடுக்கட்டும். ஆனால் எழுத்தில், இலாகா தலைவர் கையெழுத்தோடு, ஓராண்டுக்கு மட்டும். அந்த விலக்குக் கடிதத்தின் நகல் பள்ளி வாரியத்துக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் வரட்டும்.